உஷ் பள்ளிக்கூடத்து அம்மா

மகளின் சீருடையிலிருந்து பஞ்சு எடுப்பது மெத்தைக்காரியின் காலை வேலை. உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, சாம்பல் நிறத் துணியின்மேல் ஒரே போக்கில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பஞ்சு நெசவுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது. தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து விளிம்பு, கடைசியில் காலுறைகள். கீழே கடை, மேலே வீடு. கதவைச் சாத்தினாலும் ஜன்னலை அடைத்தாலும் பஞ்சு மாடிப்படி ஏறி வந்துவிடும். குடிக்கிற தண்ணீரில் மிதக்கும், சோப்பில் ஒட்டும், கண்ணிமையில் தொங்கும். “நம்ம வீட்ல உப்பில்லாத நாள் உண்டு, பஞ்சில்லாத நாள் கிடையாது” என்பாள்.

அவள் எடுத்து முடித்ததும் நாத்தனார் வருவாள். கணவனின் அக்கா. வேலைக்குப் போகிற உடையில், செண்ட் வாசனையோடு வந்து, குழந்தையின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, முதுகுப் பக்கம் எங்கேயாவது ஒரு இழையைக் கண்டுபிடித்து நகத்தால் கிள்ளி எடுப்பாள். ஒரு நாளும் தவறியதில்லை. எடுத்த இழையைக் கீழே போடமாட்டாள். மெத்தைக்காரியின் கையில் வைப்பாள்.

“பரவால்லம்மா. உனக்குக் கண்ணு தெரியல, பாவம்.”

பிறகு அவளும் குழந்தையும் கைகோத்துக்கொண்டு படியிறங்கிப் போவார்கள். பள்ளிக்கூடத்து நீலக் கதவு வரைக்கும் குழந்தைக்கு அவள் அத்தை. நீலக் கதவைத் தாண்டினால் அம்மா. குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான்.

மெத்தைக்காரி லாரி ஓட்டுகிறவரின் மகள். அப்பன் வீட்டிலேயே எல்லோருக்கும் குரல் பெரிது. கல்யாணமாகி வந்த புதிதில் கடையில் பஞ்சடிக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். புது மருமகள் வேடிக்கை பார்க்கத்தான் மெஷின் பக்கம் போனாள். போனவள் போனவள்தான். பழைய மெத்தைகளைப் பிரித்து, கட்டி தட்டிய பஞ்சை அள்ளி மெஷினின் பல் வைத்த உருளைக்குள் போட்டால், மேட்டில் ஏறும் லாரி மாதிரி உறுமிக்கொண்டு மறுபக்கம் மேகமாகத் துப்பும். அந்த உறுமலுக்கு மேலே பேசினால்தான் எதிரில் நிற்கிறவனுக்குக் கேட்கும். பேசிப் பேசி, மெஷின் நின்ற பிறகும் குரல் இறங்க மறந்துவிட்டது. வலது காது மந்தமானதில், தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பதும் அவளுக்குப் பிடிபடாமல் போயிற்று.

‘மைக்செட்டு’ என்று பேர் வைத்தவன் கணவன்தான். முதலில் அதில் செல்லம் இருந்தது. செல்லம் போய்விட்டது, பேர் தங்கிவிட்டது. “மைக்செட்டு, ரெண்டு தலையணை உறை எடு” என்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் சொல்வான். அவளும் எடுத்துக் கொடுப்பாள்.

நாத்தனாருக்கோ குரல்தான் சோறு. பெரிய ஓட்டல் ஒன்றில் தொலைபேசி எடுக்கிற வேலை. அறை காலியில்லை என்பதைக்கூட வரம் கொடுப்பதுபோலச் சொல்வாள். வாழப்போன இடத்தில் பிள்ளையில்லை என்று திருப்பி அனுப்பிய பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அவள் திட்டி யாரும் கேட்டதில்லை. மெத்தைக்காரி பேச ஆரம்பித்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள், அவ்வளவுதான். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, “ம், இப்பச் சொல்லும்மா” என்பாள்.

காசு கட்டிப் படிக்க வைக்கிறவர்களுக்கு அந்த ஊரில் இரண்டு பள்ளிகள். இரண்டுக்கும் நீளமான, மரியாதையான பெயர்கள் வாசலில் எழுதியிருந்தன. யாரும் சொல்வதில்லை. ஒன்று உஷ் பள்ளிக்கூடம், மற்றது சந்தைப் பள்ளிக்கூடம். உஷ்காரர்கள் அதைச் சந்தை என்றார்கள், சந்தைக்காரர்கள் இதை உஷ் என்றார்கள். இரண்டும் நிலைத்துவிட்டன.

உஷ் பள்ளியில் மணி அடிப்பதில்லை. நேரம் முடிந்தால் ஒரு ஆசிரியை பச்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நடந்து போவார். ‘பேசாதே’ என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. அதற்கு ஒரு கை இருந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துத் தோள் உயரத்தில் வைத்து மெதுவாக இறக்குவார்கள். கை எங்கே நிற்கிறதோ அதுதான் குரலின் அளவு. நெஞ்சு என்றால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கலாம். வயிறு என்றால் மூச்சு மட்டும். இடுப்புக்கு இறங்கிவிட்டால் ஒன்றும் கூடாது. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் அதே கைதான்.

அந்தப் பள்ளியில் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதற்காக மாடியில் ஒத்திகை நடந்தது. நாத்தனார் தலைமையாசிரியை. கணவனும் மனைவியும் எதிரே.

“உங்க குழந்தைகிட்ட உங்களுக்குப் பிடிச்ச குணம் என்ன?” என்று நாத்தனார் கேட்டாள்.

“நல்லாத் தூங்கும்!” என்றாள் மெத்தைக்காரி. தெருவில் சைக்கிளில் போனவன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

நாத்தனார் கையை இறக்கிக் காட்டினாள். அவள் குறைத்தாள். மறுபடி இறக்கினாள். அவள் குறைத்ததாக நினைத்துக்கொண்டு அதே சத்தத்தில் சொன்னாள். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு சொல்வாங்க. இவ வாய் இருக்கே, பிள்ளையோட பொழைப்பையே கெடுத்துடும்.”

“கோவப்படாதடா” என்றாள் நாத்தனார். “ஒரு மணி நேரம்தானே. நான் வேணா அம்மாவா உக்காந்துட்டு வரேன். கேட்டதுக்கு நாலு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா முடிஞ்சுது.”

மெத்தைக்காரிக்கு அப்போது அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. கனமான மெத்தையைத் தூக்க முடியாதபோது இன்னொருத்தி ஒரு முனையைப் பிடிப்பதில்லையா, அப்படித்தான் நினைத்தாள். அவளும் கூடப் போனாள். நடைபாதையில் ஒரு பெஞ்சில் நால்வரையும் உட்கார வைத்தார்கள். குழந்தைக்கு மூக்கு ஒழுகியதைப் பார்த்து, “கைக்குட்டை எங்கடி?” என்று கேட்டாள். அந்த நடைபாதையில் அது குண்டு வெடித்ததுபோல விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆசிரியை வந்து கையை இடுப்புவரை இறக்கிக் காட்டிவிட்டு, கணவனிடம் மூச்சுக்குரலில் கேட்டார்: “இவங்க?”

“வீட்டோட இருக்கிறவங்க” என்றான் கணவன். “குழந்தையைப் பாத்துக்கறாங்க.”

ஆசிரியை அவளைப் பார்த்தார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். அன்று அவள் செய்தது அது ஒன்றுதான். இடம் கிடைத்துவிட்டது.

ஒரு மணி நேரம் என்றது ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பார்த்த முகத்தை மாற்ற முடியுமா? கூட்டம் என்றால் நாத்தனார் போனாள், கண்காட்சி என்றால் நாத்தனார் போனாள். மெத்தைக்காரியின் பெயரைச் சொல்லி அங்கே கூப்பிட்டால் நாத்தனார்தான் எழுந்து நிற்பாள். வீட்டில் அந்தப் பெயர் சும்மாதானே கிடந்தது. குழந்தைக்கு ஆரம்பத்தில் மிட்டாய் கொடுத்துப் பழக்கினார்கள்: நீலக் கதவுக்குள்ளே அத்தையை அம்மான்னு சொல்லணும், வெளியே வந்தா அத்தை. குழந்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. கதவுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலும் வைத்துக்கொண்டு “அம்மா, அத்தை, அம்மா, அத்தை” என்று விளையாடியதாக நாத்தனார் வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மெத்தைக்காரிதான் சத்தமாகச் சிரித்தாள்.

இப்போது மகளுக்குப் பத்து வயது. விளையாடுவதில்லை. நீலக் கதவைத் தாண்டி வந்த பிறகும் சில சமயம் நாக்கு மாறுவதில்லை.

ஒரு மத்தியானம் கடையில் மெத்தைக்காரி உறை தைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் பெண் வந்திருந்தாள். அதே தெரு, எதையும் மறைக்க முடியாது. அவள் மகன் சந்தைப் பள்ளியில் படித்தான். அப்போது ஒரு ஆடிட்டர் தன் கார் மேலே கட்டி எடுத்துவந்த சின்ன மெத்தையை இறக்கினார். அவர் மகள் உஷ் பள்ளி.

“தண்ணி கொட்டிடுச்சு” என்றார் ஆடிட்டர். “பிரிச்சு, அடிச்சு, புதுசாப் போட்டுக் கொடுங்க.”

மருந்துக்கடைக்காரி மெத்தையின் நடுவில் இருந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தாள். “ஏன் சார், உங்க பொண்ணுக்குப் பத்து வயசாகலை? இன்னுமா தண்ணி கொட்டுது?”

ஆடிட்டருக்கு முகம் சிவந்தது. “உங்க பையனுக்கு முன்பல்லு ரெண்டும் முளைச்சிடுச்சா? போன மாசம் பென்ச்சுலேர்ந்து குதிச்சு உடைச்சுக்கிட்டான்னு கேள்விப்பட்டேன்.”

“பல்லு போனா கட்டிக்கலாம். உங்க பசங்களுக்கு நாக்கே இல்லையே, அதை எங்க போய்க் கட்டுவீங்க?”

“எங்க பொண்ணு தும்மல் வந்தாக்கூட வெளிய போய்த் தும்மிட்டு வருவா.”

“திரும்பி வர்றதுக்கு யாருகிட்ட அனுமதி கேப்பா, கையாலயா?”

“அதுக்குப் பேரு பண்பாடும்மா. உங்க பள்ளிக்கூடத்துல என்ன இருக்கு, மீன் விக்கிற இடம் மாதிரி.”

“மீன் விக்கிற இடத்துல ஒரு நன்மை இருக்கு சார். அழுகினதை அழுகினதுன்னு சத்தமாச் சொல்லிடுவாங்க.”

கணவன் இருவருக்கும் சிரித்தான். வியாபாரிக்கு இரண்டு பள்ளியும் ஒன்றுதான். ஆடிட்டர் அவன் பக்கம் திரும்பி, அடிபட்ட மரியாதையைத் தேற்றிக்கொள்வதுபோலச் சொன்னார்: “உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க சார். போன கூட்டத்துல என்னமாப் பேசினாங்க. ஒரு வார்த்தை உரக்க இல்ல. குழந்தைகிட்டயும் அந்த நயம் அப்படியே இருக்கு. தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க?”

“ஆமா சார், அவ அப்படித்தான்” என்றான் கணவன்.

மெத்தைக்காரி மூன்றடி தள்ளி, வாயில் இரண்டு ஊசிகளோடு உட்கார்ந்திருந்தாள். ஆடிட்டர் அவள் பக்கம் குனிந்து, “ஏம்மா, அந்தக் கோடு போட்ட துணியைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டு” என்றார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஊசிகளை வாயிலிருந்து எடுக்காமலே எழுந்து துணியை விரித்துக் காட்டினாள்.

ஆடிட்டர் போன பிறகு மருந்துக்கடைக்காரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஏய், உன் புருஷனுக்கு ரெண்டு சம்சாரமா? அதுல அக்கா ஒண்ணு, மைக்செட்டு ஒண்ணா?” அதைக் கேட்டுத் தானே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “என் பையன் வகுப்புல ஒரு இடம் காலியா இருக்கு. போய்க் கேளு. அங்க வெள்ளிக்கிழமையானா பெத்தவங்க ஒருத்தர் வந்து தன் தொழிலைப் பசங்களுக்குச் செஞ்சு காட்டணும். நான் போய் இருமல் மருந்து கலக்கிக் காட்டினேன். நீ மெத்தையைக் கட்டு. அம்மான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நில்லு.”

அவள் யாரிடமும் சொல்லாமல் போனாள். சந்தைப் பள்ளியின் வாசலை எட்டும் முன்பே சத்தம் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போயிற்று. மைதானத்தின் நடுவில் ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் தலைமையாசிரியர் என்று யாரோ சொன்னார்கள். கிட்டே போகலாம் என்று அவள் காலெடுத்து வைத்தாள்.

“அங்கேருந்தே சொல்லுங்க!” என்று அவர் கத்தினார்.

“பொண்ணைச் சேக்கணும்!” என்று அவளும் கத்தினாள்.

“எந்த வகுப்பு?”

“அஞ்சு!”

“நீங்க அதுக்கு என்ன ஆகணும்?”

“அம்மா!”

ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நின்று அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து விளையாடிய பையன்கள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. பஞ்சு விழுந்துவிட்டதைப்போலத் தேய்த்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் கிட்டே வந்து, அவள் தொழிலைக் கேட்டு, “அட, மெத்தை தைக்கிறவங்க நம்மகிட்ட வந்ததே இல்லையே” என்று மகிழ்ந்தார். இடம் இருக்கிறது என்றார். “ஒண்ணே ஒண்ணு. பிள்ளை வாயால வரேன்னு சொல்லணும். உங்க வாயாலயும் இல்ல, உங்க வீட்டுக்காரர் வாயாலயும் இல்ல. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க, கேப்போம். அதுக்கு மேல இடத்தை நிறுத்தி வைக்க முடியாது.”

பிள்ளை சொன்னால் போதும். அதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பத்து மாதம் சுமந்து, பத்து வருஷம் பஞ்சு எடுத்த பிள்ளை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, தலைமையாசிரியர் போட்ட நிபந்தனை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி விடுமுறை, நால்வரும் மேஜையில் இருந்தார்கள். கீழே கூலியாள் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். தட்டுகள் லேசாக அதிர்ந்தன.

“சந்தைக்கா?” என்றான் கணவன். “உனக்கென்ன, புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?”

“அங்க ஓடறாங்க, பாடறாங்க. இங்க இவ சிரிச்சே பாத்ததில்லைங்க. கடையில அந்த ஆடிட்டர் பொண்ணு மெத்தையைப் பாத்தீங்கல்ல? பத்து வயசுல...”

“சாப்பாட்டு நேரம்” என்றாள் நாத்தனார். “மத்தவங்க படுக்கையைப் பத்திப் பேச வேணாமே.” பிறகு தம்பியிடம் ஓட்டல் குரலில் சொன்னாள்: “ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் பாடம் ஒண்ணுதான்டா. மத்ததுதான் வேற. எங்க ஓட்டல்ல ஆள் எடுக்கும்போது ஒரு பொண்ணு வாயைத் திறந்தவுடனே தெரிஞ்சுடும், எங்கேருந்து வருதுன்னு. உஷ்லேர்ந்து வந்த பொண்ணு முன்னால மேனேஜரே குரலைத் தாழ்த்திக்குவாரு. சந்தையிலேர்ந்து வந்தா பாத்திரம் கழுவற இடத்துக்கு அனுப்பிடுவாங்க. நம்ம குழந்தை எதிர்ல ஆளுங்க குரலைத் தாழ்த்தணுமா, இல்ல ஜன்னலைச் சாத்தணுமா?”

“அங்க நான் போகலாம் அண்ணி” என்றாள் மெத்தைக்காரி. “பெத்தவங்களைக் கூப்பிடறாங்க.”

“இங்கயும்தான் கூப்பிடறாங்க. நான் போகலையா? உனக்கு எதுக்குச் சிரமம்?”

“எனக்குச் சிரமம் இல்ல.”

“உனக்கு இல்லம்மா. அவளுக்கு.” நாத்தனார் குழந்தையின் தட்டில் பழத்தை நறுக்கி வைத்தாள். “பத்துப் பேரு முன்னால நீ வாயைத் திறந்தா அவ எங்க போய் முகத்தை வெச்சுக்குவா? யோசிச்சியா? நீ நல்லவதான். யாரு இல்லேன்னா? தலையணை எவ்வளவு நல்லாத் தைக்கிறே.”

கணவன் மெல்லச் சிரித்தான். மகள் பழத்தைச் சத்தம் வராமல் மென்றாள்.

மெத்தைக்காரிக்கு வார்த்தை வேறெங்கிருந்தோ வந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே எழும்பிப் பேசுகிற குரலில், தெருவெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“உங்க வயித்துல ஒண்ணு பொறந்திருந்தா என் பொண்ணு உங்களுக்கு எதுக்கு அண்ணி? வாழப்போன வீட்ல வேணாம்னு துரத்தினாங்க, இங்க வந்து பெறாமலே அம்மா ஆயிட்டீங்க. மலடிக்கு இதைவிடச் சுலபமா...”

மலடிக்கு என்ற இடத்தில் கீழே மெஷின் நின்றது. கூலியாள் சாப்பிடப் போயிருப்பான். அந்தச் சொல் எதன்மேலும் ஏற இடமில்லாமல் தனியாக, மொட்டையாக அறையின் நடுவில் நின்றது.

நாத்தனார் அழவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தாள். பழம் நறுக்கிய கத்தியைக் கையில் எடுத்தாள், நறுக்காமலே திரும்ப வைத்தாள். மகள் அந்தக் கையைப் பார்த்தாள். பழம் தின்ற விரல்களைத் துடைத்துவிட்டு, தன் கையை அதன்மேல் வைத்தாள்.

“சாப்பிடு கண்ணு” என்றாள் நாத்தனார். பிறகு, யாரையும் பார்க்காமல்: “பிள்ளை வாயால சொல்லணும்னுதானே அந்த ஹெட்மாஸ்டர் சொன்னாரு? அவளே சொல்லட்டும். நான் குறுக்க வரமாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில இந்த வீட்லயே இருக்கமாட்டேன்.”

கணவன் மனைவியைப் பார்த்து, “திருப்தியா?” என்றான். அதற்குப் பிறகு அந்த வாரம் அவளோடு பேசவில்லை. மைக்செட்டு என்றுகூடக் கூப்பிடவில்லை. வேண்டியதைக் கூலியாளிடம் சொல்லி அனுப்பினான்.

அந்த நாட்களில் மெத்தைக்காரி ஒரு சின்ன மெத்தை தைத்தாள். பொம்மைக்குப் போடுகிற அளவு. பசங்களுக்குக் காட்டுவதற்கு. மெத்தைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்து, மூலைக்கு மூலை குஞ்சம் வைத்து, நடுவில் நீள ஊசியால் இழுத்துக் கட்டினாள். வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிப் பார்த்தாள்: “பிள்ளைங்களா, பஞ்சு ஒரே இடத்துல கட்டி தட்டிக்காம இருக்கணும்னா...” எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியவில்லை. பரவாயில்லை என்று நினைத்தாள். அங்கே பரவாயில்லை.

நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை அவள் அறை வாசல்வரை போனாள். உள்ளே மகள் இருந்தாள். அத்தையின் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். உதடுகள் அசைந்தன. வாசலில் நின்ற மெத்தைக்காரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் சொன்னபடியே விடியும்போதே வேலைக்குப் போய்விட்டாள். கணவன் கடையைத் திறக்கக் கீழே இறங்கிவிட்டான். சந்தைப் பள்ளியில் சீருடை கிடையாது. மெத்தைக்காரி மகளின் ஆரஞ்சு நிற உடையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் பொம்மை மெத்தை. சாம்பல் சீருடையை அவள் அன்று தொடவில்லை. அது ஆணியில் பஞ்சோடு தொங்கியது.

மகள் குளித்துவிட்டு வந்தாள். ஆரஞ்சு உடையைப் பார்த்தாள். பொம்மை மெத்தையைக் கையில் எடுத்து, திறந்திருந்த பக்கத்தில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தாள். பிறகு ஆணியிலிருந்து சாம்பல் சீருடையை எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

“அது எதுக்குக் கண்ணு?” என்றாள் மெத்தைக்காரி. “இன்னிக்கு நாம அங்க போறோம்ல? அந்த சார் உன்னைக் கேப்பாரு. வரேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லுவியா?”

மகள் பித்தான் போடுவதை நிறுத்தினாள். வலது கையை எடுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, தோள் உயரத்தில் வைத்தாள்.

மெத்தைக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். “சரி, சரி. மெதுவாப் பேசறேன். அங்க நான்தான் வருவேன். அம்மாதான் வருவேன். சொல்லுவியா?”

கை நெஞ்சுக்கு இறங்கியது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். குனிந்து, மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், கணவனிடம்கூட ஒரு நாளும் பேசியிராத சின்னக் குரலில் கேட்டாள். “நான் அத்தையைச் சொன்னது தப்புதான். நானே சொல்லிடறேன் அத்தைகிட்ட. நீ எனக்கு இதைச் சொல்லு. வரியா?”

கை வயிற்றுக்கு வந்தது. மகளின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நல்ல ஆசிரியைக்கு இருக்கிற பொறுமை இருந்தது.

மெத்தைக்காரி மூச்சால் கேட்டாள். தன் காதுக்கே அது எட்டவில்லை. வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் மறுபடி கேட்டாள்.

கை இடுப்புக்கு இறங்கி, அங்கேயே நின்றது. வகுப்பு முழுக்க அடங்கும்வரை நிற்குமே, அந்த மாதிரி.

மெத்தைக்காரியின் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு அவையும் நின்றன.

மகள் கடைசிப் பித்தானைப் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். முதுகில் ஐந்தாறு இழை பஞ்சு ஒட்டியிருந்தது. அதோடே நடந்து போய், வெளியே நின்று, கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.